நாகல்கேணித் தெருவில் கிடைத்த ஆய்வுக் கேள்வி

இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொண்டுவரும் வாரம் வந்தால் என் மேஜை மேல் ஒரே மாதிரித் தாள்கள் சேரும். 'தமிழ்நாட்டில் நீர் மாசு - ஓர் ஆய்வு', 'சென்னை வெள்ளம் - ஓர் ஆய்வு', 'பெண் கல்வி - ஓர் ஆய்வு'. குரோம்பேட்டையில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இவற்றைப் பார்த்துக் கோபம் வருவதில்லை. பன்னிரண்டு வருடம் விடை எழுதியே பழகிய பிள்ளைகள் இவர்கள். கேள்வி எப்போதும் வினாத்தாளில் அச்சாகியே வந்திருக்கிறது. அதைத் தாங்களே உண்டாக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் தலைப்பைத் திருத்தித் தருவதை விட்டுவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

'நீர் மாசு' தலைப்போடு வந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்கிறேன். குரோம்பேட்டையை ஒட்டிய நாகல்கேணிப் பக்கத்துப் பெண்.

"எந்த ஊர்த் தண்ணிம்மா?"

"தமிழ்நாடு ஃபுல்லா மேம்."

"உங்க வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"கேன் தண்ணி மேம்."

"போர் இருக்குல்ல?"

"இருக்கு மேம். குளிக்க, துணி துவைக்க மட்டும்தான். சோறு வடிக்க அம்மா வேற தண்ணி பிடிச்சு வச்சுப்பாங்க."

"ஆயா காலத்துல?"

"கிணத்துத் தண்ணிதான் குடிச்சோம்னு ஆயா சொல்லும் மேம்."

"எப்ப நிறுத்தினாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியல மேம்."

அவளுடைய ஆய்வு அந்த இடத்தில்தான் தொடங்கியது. அவளுக்கு மட்டுமா தெரியாது, எனக்கும் தெரியாது. நூலகத்துப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. தெரிந்தவர்கள் அவள் தெருவிலேயே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களிடம் போகும் முன் ஊரின் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். நான் கற்பிக்கும் இந்த ஊரின் பெயரே தோல் தொழில் தந்தது. 1910களின் தொடக்கத்தில் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டித் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் இது குரோம்பேட்டை ஆயிற்று. சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு என்று இன்றும் ஒரு சாலை இருக்கிறது. தினமும் அதில் நடக்கும் பிள்ளைகள் பலர் அந்த மூன்று எழுத்துக்கு விரிவு கேட்டதில்லை. ஆவாரம்பட்டை கொண்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த நாட்டில், அதைவிட மிக விரைவாக வேலையை முடிக்கும் குரோமிய உப்பு வந்தது. பின்னால் நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் ஷெட்டுகள் பெருகின. கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 1990களில்தான் வந்தது.

இந்தப் பின்னணியைப் படித்துவிட்டு, தோன்றிய கேள்விகளை எல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வா என்று அவளை அனுப்பினேன். கொண்டுவந்ததில் முதலில் இருந்தது: 'தோல் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டதா?' ஆமாம் என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும் கேள்வி. தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் 1996-லேயே தீர்ப்பு சொல்லியாயிற்று. இரண்டாவது: 'நீரில் எவ்வளவு குரோமியம் உள்ளது?' நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும். வரலாறு படிக்கும் பெண்ணுக்கு அது கைக்கு எட்டாது. வேதியியல் மாணவி ஒருத்தி அதே தெருவை எடுத்தால், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பை வைத்துக்கொண்டு, மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரை ஒப்பிடலாம். தெரு ஒன்றுதான், துறை மாறினால் கேள்வியும் மாறும்.

பட்டியலின் கடைசியில், பென்சிலால், தயங்கித் தயங்கி எழுதியிருந்தாள்: 'குடிக்கிறதை முதல்ல விட்டாங்களா, சமைக்கிறதையா?'

அதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. நாகல்கேணியின் இரண்டு மூன்று தெருக்களில் பெண்கள் கிணற்று நீரை எந்த வரிசையில், எந்தக் காலத்தில், எதைப் பார்த்துக் கைவிட்டார்கள்? இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், விடை முன்கூட்டித் தெரியாது. ஒரு செமஸ்டருக்குள் முடிக்கவும் முடியும்.

இதற்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி உண்டு. எல்லா மாணவரிடமும் தவறாமல் கேட்பேன்: நீ எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக விடை வந்தால் உன் கட்டுரை நிற்குமா? ஆலைகளுக்கும் அந்த மாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை, கேன் தண்ணீர் வாசலுக்கே வந்ததால்தான் விட்டார்கள் என்று தெரிந்தால்? அப்போதும் அது சொல்லத்தக்க செய்திதான். ஆகவே கேள்வி நல்ல கேள்வி. நேர்மாறான விடை வந்தால் சரிந்துவிடும் தலைப்பை எடுக்க வேண்டாம். அது வழக்காடுவதில் போய் முடியும்.

அவள் விசாரித்த பெரியவர்கள் பலரும் சொன்ன சொல் 'உப்பு'. தண்ணீர் உப்பாயிற்று, சோறு ருசிக்கவில்லை, பருப்பு வேகவில்லை. முதலில் இது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது, குரோமியத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று. நான் திரும்பக் கேட்டேன்: தோல் ஷெட்டுக்கு வரும்போது தோல் எப்படி வரும்? கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். முதல் அலசலில் அத்தனை உப்பும் கழிவுநீரில் இறங்கும். குடிநீருக்குச் சொல்லும் வரம்பை ஒட்டிய அளவில் குரோமியத்தை நாக்கு கண்டுபிடிக்காது, உப்பைக் கண்டுபிடித்துவிடும். கடினநீருக்கும் நிலத்தின் இயல்புக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்பதையும் அவள் எழுத வேண்டியிருந்தது, எழுதினாள். ஆயாக்களின் நாக்கு ஆதாரமாக ஏறிய அத்தியாயம்தான் அந்தக் கட்டுரையின் உயிர்.

வருடம் கேட்பதில் ஒரு சின்ன யோசனை. 'எந்த வருஷம்?' என்றால் யாருக்கும் நினைவிருக்காது. 'எம்.ஜி.ஆர். இறந்தப்போ கிணத்துத் தண்ணியா? சுனாமி வந்தப்போ?' என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். 1987, 2004 என்று ஆண்டு தானாகக் கிடைத்துவிடும்.

ஆதாரத்தையும் கேள்வியோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. மேல்முறையீடு என்றால் இன்னும் இழுக்கும். முதல் மாதமே போடாவிட்டால் பயனில்லை. பழைய அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். இரண்டுமே இங்கிருந்து போய்வரக்கூடிய தூரம்தான்.

வெள்ளத் தலைப்புக்காரர்களுக்கும் இதே வழிதான். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. 'வெள்ளத்துக்குக் காரணம் என்ன?' என்பதை விட்டு, ஒரே மழையில் ஒரு தெரு மூழ்க, அடுத்த தெரு தப்பியது எப்படி என்று கேட்கச் சொல்வேன். ஒப்பிட இரண்டு கிடைத்தவுடன் காரணம் தேடுவது எளிது.

கேள்வியின் பலத்தைக் காட்ட மாணவர்களிடம் தவறாமல் சொல்லும் உள்ளூர்ச் செய்தி ஒன்று உண்டு. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கற்கருவியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அறிவுலகுக்குத் தெரியவந்தது அதனால்தான். அந்தக் குழியை அதற்கு முன் எத்தனையோ பேர் கடந்து போயிருப்பார்கள். ஐரோப்பாவில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் பற்றிய செய்தி ஃபுட்டின் மனதில் இருந்தது. இங்கேயும் அப்படி இருக்குமா என்ற கேள்வியோடு நடந்தவர் கண்ணுக்குக் கல் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தது.

வழிகாட்டிகளாக இருக்கும் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பல கல்லூரிகளின் ப்ராஜெக்ட் படிவத்தில் தலைப்பு, வழிகாட்டி பெயர், பதிவெண் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. அடுத்த முறை அச்சடிக்கும்போது 'நான் கேட்கும் கேள்வி' என்று ஒரு கட்டம் சேருங்கள். அது நிரம்பும் வரை தலைப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.