தகடு கிழியுமா? எக்செல் சொல்லும்!

காரின் கதவு, ஸ்கூட்டரின் பெட்ரோல் டேங்க் போன்றவை தட்டையான இரும்புத் தகட்டை டை, பஞ்ச் ஆகியவற்றுக்கு இடையே வைத்து பிரஸ்ஸில் அழுத்தித் தயாரிக்கப்படுகின்றன. அப்போது தகடு இழுபட்டு மெலிகிறது. அளவுக்கு மீறினால் ஓரிடத்தில் மட்டும் கழுத்து போல ஒடுங்கி, பின்னர் கிழிகிறது. டை செய்து முடித்த பிறகு இது தெரிய வந்தால் பணமும் நாட்களும் வீண். முன்கூட்டியே கண்டறியும் கணக்கை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

வட்டம் சொல்லும் சேதி

தொழிற்சாலையில் தகட்டின் மேல் சிறு வட்டங்களைப் பதித்து, பிறகு பிரஸ்ஸில் அழுத்துவார்கள். வட்டம் நீள்வட்டமாக மாறும். அதன் நீள அச்சைக் கொண்டு பெரிய நீட்சியையும், குறுகிய அச்சைக் கொண்டு சிறிய நீட்சியையும் கணக்கிடலாம். இவ்விரண்டையும் வரைபடமாக்கி, எந்தக் கோட்டைத் தாண்டினால் தகடு தாங்காது என்று 1960களில் அமெரிக்காவில் கீலர், குட்வின் ஆகியோர் காட்டினர். கோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கணக்கிட கீலர், பிரேசியர் இருவரும் 1970களில் ஒரு சமன்பாடு தந்தனர். அதற்குத் தகட்டின் தடிமனும் 'என்' மதிப்பும் போதும். இழுபட்ட இடம் எவ்வளவு கடினமாகி, இழுவிசையை அக்கம்பக்கத்துக்குப் பகிர்ந்து தரும் என்பதைக் காட்டுவதே 'என்'.

இனி செய்து பார்ப்போம்

செல் முகவரிகளையும் பங்ஷன் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

1. பி1 செல்லில் தடிமன் 0.8 (மி.மீ.), பி2-வில் என் மதிப்பு 0.2, பி4-ல் வட்டத்தின் விட்டம் 2.5 (மி.மீ.) எனத் தாருங்கள்.

2. பி3-ல் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:
=(23.3+14.13*பி1)*மின்(பி2,0.21)/0.21
விடை 32.96 என வரும். இது சதவீதம். என் மதிப்பு 0.21-ஐத் தாண்டினாலும் 0.21 என்றே கொள்ள வேண்டும் என்பதால் மின் பங்ஷன்.

3. ஏ7, ஏ8, ஏ9 செல்களில் நீள அச்சு: 3.4, 3.4, 3.1. பி7, பி8, பி9 செல்களில் குறுகிய அச்சு: 2.1, 2.5, 2.5.

4. சி7-ல் =(ஏ7-$பி$4)/$பி$4*100 எனத் தந்து, செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து டி7 வரை இழுங்கள். டாலர் குறி இருப்பதால் பி4 மட்டும் மாறாது.

5. இ7-ல் எல்லை:
=((1+$பி$3/100)/(1+மின்(டி7,0)/100)-1)*100

6. எஃப்7-ல் முடிவு:
=இஃப்(சி7>இ7,"கிழியும்",இஃப்(சி7>இ7-10,"கவனம்","சரி"))

7. சி7 முதல் எஃப்7 வரை தேர்வு செய்து 9-ஆம் வரிசை வரை கீழே இழுங்கள்.

என்ன தெரிகிறது?

முதல் இரு வட்டங்களும் 36 சதவீதம் நீண்டவைதான். ஆனால் முதலாவது சரி, இரண்டாவது கிழியும்! முதல் வட்டம் குறுக்கே 16 சதவீதம் சுருங்கி உலோகத்தை உள்ளே இழுத்துக் கொண்டது. ஆகவே அதன் எல்லை 58.3. இரண்டாவது சுருங்காததால், நீண்டது முழுவதும் தடிமனிலிருந்தே போனது. மூன்றாவது வட்டம் 24 சதவீதம் நீண்டு, கவனம் என்கிறது. இன்று கிழியாது; தகட்டுச் சுருளோ மசகு எண்ணெயோ சற்று மாறினால் கிழியலாம். அதற்காகத்தான் 10 சதவீத இடைவெளி விடுகிறோம்.

இப்போது பி1-ல் 1.2 என மாற்றுங்கள். எல்லை 38.34 ஆக உயர்ந்து, இரண்டாவது கவனம் என்றும், மூன்றாவது சரி என்றும் மாறும். ஆனால் தடித்த தகடு எடையையும் செலவையும் கூட்டும். அதனால் டையின் வளைவையோ மசகையோ மாற்றி உலோகம் எளிதாக நகர வழி செய்வதையே முதலில் முயல்வார்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

இச்சமன்பாடு குறைந்த கரி கொண்ட மெல்லிய இரும்புத் தகட்டுக்கானது. அலுமினியத்துக்கோ எவர்சில்வருக்கோ பயன்படுத்தாதீர்கள். குறுக்கேயும் நீளும் வட்டங்களுக்கு உண்மையான எல்லை இன்னும் உயரும். நாம் தாழ்ந்த புள்ளியையே வைத்திருப்பதால் கணக்கு பாதுகாப்பான பக்கமே இருக்கும். பல கட்டமாக அழுத்தும்போது எல்லைக்கோடே இடம் மாறும். வெட்டிய ஓரத்திலும் கூர்மையான மடிப்பிலும் வரும் விரிசலை இக்கணக்கு காட்டாது. ஆட்டோஃபார்ம், எல்எஸ்-டைனா போன்ற சாஃப்ட்வேர்கள் தகட்டை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் நீட்சியையும் கணக்கிட்ட பிறகு, இதே போன்ற எல்லைக்கோட்டுடன்தான் ஒப்பிடுகின்றன.

பைலை சேமித்து வையுங்கள். உங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை இருந்தால் அவசியம் காட்டுங்கள்.