பீக்கனும் நம் நிலக்கடலையும்



நம் பகுதியின் பெரிய கடைகளில் பாதாம், அக்ரூட் வரிசையில் இப்போது பீக்கன் என்ற கொட்டையும் இடம்பிடித்திருக்கிறது. இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு விலையைப் பார்த்ததும், "சத்தான உணவெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தான்" என்று திரும்பிவிடுவோர் உண்டு. அது சரியா என்று பார்ப்போம்.

பீக்கன், அக்ரூட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் அமெரிக்காவின் தென்பகுதியும் மெக்சிகோவும். 100 கிராமில் சுமார் 70 கிராம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. வெண்ணெய், வனஸ்பதி போன்றவற்றைக் குறைத்து இத்தகைய கொழுப்பை உண்டால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும். நார்ச்சத்தும் மாங்கனீசும் இதில் நிறைய உண்டு. ஆனால் புரதம் சுமார் 9 கிராம்தான்.

நிலக்கடலைக்கு வருவோம். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் மல்லாட்டை என்பார்கள். திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் இதைப் பற்றிய ஆய்வும் நடக்கிறது. 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உள்ளது. பீக்கனைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். இதன் கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுறாததே. நார்ச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு. கர்ப்பிணிகளுக்கு அவசியமான ஃபோலேட் பீக்கனைவிடப் பல மடங்கு அதிகம். விலையோ மிகக் குறைவு.

எனினும் சில எச்சரிக்கைகள் தேவை:

1. நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம் போதும். அதிலேயே ஏறத்தாழ 170 கலோரி இருக்கிறது.

2. வேகவைத்தோ எண்ணெயின்றி வறுத்தோ உண்ணுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் கடலையையும், சர்க்கரை நோயாளிகள் கடலை மிட்டாயையும் தவிர்ப்பது நல்லது.

3. பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்பை எறிந்துவிடுங்கள். அதில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, அவற்றின் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கடலோரத்தில் வாழும் நாம், மழைக்காலத்தில் சிறிதளவே வாங்கி, ஈரம் புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

4. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தரவேண்டாம்; மூச்சுக்குழாயில் சிக்கும். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். கடலை ஒவ்வாதவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

பீக்கன் வாங்க இயன்றவர்கள் தாராளமாக வாங்கட்டும். இயலாத வீட்டில் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை கொடுத்தால், சத்தில் குறைவைத்துவிட்டோம் என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை.