கருத்தோடு பாடுதல்

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதுகையில், ஆவியில் நிறைந்து பாடுவதோடு பொருளுணர்ந்தும் பாடவேண்டும் என்று போதிக்கிறார் (1 கொரி. 14:15).

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரிகள் தங்கள் நாட்டு மெட்டுகளிலேயே தமிழ் ஞானப்பாட்டுகளை அமைத்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ (1774–1864) கர்நாடக இராகங்களில் கீர்த்தனைகளை இயற்றினார். எழுத்தறியாதோரும் அவற்றைக் கேட்டு மனனம் செய்து, வேத சத்தியங்களைக் கற்றனர். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

இன்று மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் முதலான இடங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வேற்றுமொழியில் கல்வி பயில்கின்றனர். இராகம் அவர்கள் செவியில் தங்கினும், பொருள் எட்டாமற்போகலாம். ஆகவே, ஒவ்வொரு சரணத்தையும் விளக்கிய பின்னரே பாடக் கற்பிப்பது ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரின் கடமையாகும்.