அடிபட்ட முழங்கால்

மும்பையில் பிசியோதெரபி செய்துவரும் எனக்கு மழைக்காலம் வந்தாலே வேலை கூடிவிடும். ஈரப் பிளாட்பாரத்தில் வழுக்கியவர்கள், சேற்று மைதானத்தில் கால்பந்தாடி முட்டியைத் திருகிக்கொண்ட பிள்ளைகள் என்று வருவார்கள். வீக்கம் வடிந்து வலி அடங்கியதும் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற இணைப்பு நார் அறுந்தாலோ, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் உள்ள மெனிஸ்கஸ் கிழிந்தாலோ, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது. இருபது வயதில் விழுந்த பிள்ளைக்கு நாற்பதுக்குள் பாட்டியின் முட்டி!

"ஆபரேஷன்தான் செய்துவிட்டோமே?" என்பார்கள். ஆபரேஷன் முட்டியின் ஆட்டத்தை நிறுத்தும். தேய்மானத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2010-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில் ஏ.சி.எல். அறுந்த 121 பேரை இரு பிரிவாக்கினார்கள். உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்று இருந்தவர்களும் இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தால், அகற்றாமல் தைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அகற்றிய முட்டிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றங்களை ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948-லேயே எழுதிவிட்டார்.

தேய்மானத்தை அறவே தடுக்கும் மருந்து கிடையாது. நம் கையில் இருப்பது முன்தொடைத் தசை. முட்டி வீங்கியிருக்கும்போது அது சோர்ந்து மெலிகிறது. வலி போனதும் பலம் தானாகத் திரும்புவதில்லை. வீட்டிலுள்ள தையல் டேப்பை எடுத்து, முட்டிச் சில்லுக்கு மேல் 15 செ.மீ. தள்ளி இரு தொடைகளின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். அடிபட்ட பக்கம் 2 செ.மீ. குறைந்திருந்தால் வேலை பாக்கி இருக்கிறது. சமமாக இருந்தாலும் போதாது. நாற்காலியிலிருந்து அந்த ஒற்றைக் காலால் எழ முடிகிறதா?

ஆரம்பத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, 5 விநாடி கீழே அழுத்த வேண்டும். வேளைக்கு 10 தடவை, தினம் மூன்று வேளை. அது எளிதானபின் கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிறகு படியேறுவது. (லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள்!) மறுநாள் முட்டி வீங்கினால் அளவைக் குறையுங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொன்ன வரிசைப்படிதான் செய்ய வேண்டும்.

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. இட்லியைக் கைவிட வேண்டாம், நான்காவது வடையைத்தான் சொல்கிறேன்.

ஏ.சி.எல். ஆபரேஷன் ஆன பிள்ளையை 9 மாதத்திற்கு முன் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். டீம் தேர்வு அடுத்த வருடமும் வரும். நார் மறுபடி அறுந்தால் முட்டி இன்னும் சீக்கிரம் தேயும்.

எண்ணெய் தேய்த்து நீவலாமா என்று எல்லாப் பாட்டிகளும் கேட்கிறார்கள். அடிபட்ட முதல் சில நாட்கள் வேண்டாம். அதன்பின் நான் தடுப்பதில்லை, பயிற்சியை முடித்த பிறகு தேய்க்கச் சொல்கிறேன்.