தானம் எந்த ஊருக்கு?



போன மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஆண்டு இறுதி விடுமுறையில் இருபது பேர் சேர்ந்து வெளிநாட்டில் ஏழைக் கிராமம் ஒன்றுக்குப் போவது, அங்கே பள்ளிக்கூடத்துக்குச் சாயம் பூசுவது, பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுப்பது. எல்லாரும் கை தூக்கினோம், நானும்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 1,500 வெள்ளி என்றால் மொத்தம் 30,000 வெள்ளி. அதில் பைக்கும் சாயத்துக்கும் போவது மூவாயிரம்கூட இல்லை. மீதி எல்லாம் நாம் போய்வரும் செலவு.

இந்த மாதப் பாடம் கீதையின் 17-ஆம் அத்தியாயம். 20 முதல் 22 வரை உள்ள மூன்று சுலோகங்களில் கண்ணன் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறார். கொடுப்பது கடமை என்று நினைத்து, திருப்பிச் செய்ய முடியாதவருக்கு, தகுந்த இடத்திலும் காலத்திலும் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்தோ மனசில்லாமலோ கொடுப்பது ராஜசம். தகாத இடத்தில், தகாத காலத்தில், மரியாதை இல்லாமல் கொடுப்பது தாமசம். கொடுக்கும் பொருளின் அளவைப் பற்றி இங்கே பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். இடம், காலம், ஆள், கொடுப்பவன் மனசு, இவ்வளவுதான் கணக்கு. முகநூலில் போட எடுக்கும் படம் எந்த வகையில் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் தூரத்து ஊருக்கு உதவவே கூடாதா? அப்படி இல்லை. 1991-இல் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இந்திய மாணவர்கள் இதே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பெர்க்லியில் சந்தீப் பாண்டேயும் நண்பர்களும் 'ஆஷா' அமைப்பைத் தொடங்கினார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ரவி குச்சிமஞ்சி 'எய்ட்' அமைப்பைத் தொடங்கினார். பாண்டே இயந்திரப் பொறியியல் ஆய்வு மாணவர், ரவி பௌதிக ஆய்வு மாணவர். இந்தியக் கிராமப் பள்ளிகளுக்கும் மக்கள் திட்டங்களுக்கும் துணை நிற்பதுதான் நோக்கம். ஆஷாவில் வேலை செய்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற தன்னார்வலர் அந்தக் கிராமத்துக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். அதாவது, எப்படியும் போகிற பயணத்தைச் சேவைக்குப் பயன்படுத்தினார்கள். நாமோ சேவையைச் சொல்லிப் பயணம் போகப் பார்த்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது பில்காவ் கதை. மகாராஷ்டிராவில் நந்துர்பார் மாவட்டம், நர்மதைப் பள்ளத்தாக்கில் உள்ள ஆதிவாசி கிராமம் அது. மின்சாரம் இல்லை, ஆனால் பக்கத்தில் ஓடையும் அருவியும் உண்டு. எய்ட் பணம் திரட்டியது. கேரளாவிலிருந்து வந்த பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். கல்லும் மண்ணும் சுமந்து தடுப்பணை கட்டியது ஊர்க்காரர்களே. 2003-இல் 15 கிலோவாட் சிறு புனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 15 கிலோவாட் என்பது பட்டணத்தில் நாலைந்து வீட்டு ஏர்கான், ஹீட்டருக்கே சரியாகிவிடும். அதையே நூறு வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 150 வாட். பிள்ளை படிக்க விளக்கு எரிய அது தாராளம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு சுமார் 250 லிட்டர் தண்ணீர் விழுந்தால், பாதிக்குக் கொஞ்சம் மேலான திறனில் இவ்வளவு மின்சாரம் எடுக்கலாம். படிவம் ஆறு பௌதிகம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

2004-இல் வந்த 'ஸ்வதேஸ்' படத்தில் (தமிழில் 'தேசம்', ரஹ்மான் இசை) ஷாருக் கான் கிராமத்துக்கு விளக்கேற்றுவாரே, அதற்குத் தூண்டுதல் ரவி, அவர் மனைவி அரவிந்தா இருவரின் வாழ்க்கைதான் என்று பரவலாகச் சொல்வார்கள். படத்தில் வராத ஒன்று உண்டு. 2006 மழைக்கால வெள்ளத்தில் பில்காவ் நிலையம் மூழ்கிப் போனது. சர்தார் சரோவர் அணை உயர உயர அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நிலையம் போனாலும், கட்டத் தெரிந்த கைகள் அந்த ஊரிலேயே இருந்தன. நாம் சாயம் பூசிவிட்டு வந்தால் அங்கே என்ன மிஞ்சும்?

இப்போது பகாவுக்கு வருவோம். ஜெராம் பாடாங், கெடீஸ், செயின்ட் ஹெலியர் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்குத் தாத்தா பாட்டி ஞாபகம் வரும். ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் பள்ளியைத் தந்தது, ஆனால் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 520-க்குச் சற்று மேல். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. மிச்சமிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் என்றால் டவுனுக்குப் போகணும், கொண்டுபோய் விட ஆள் வேணும்.

இதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களே பாடம் நடத்தினார்கள். அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் திரும்பி வந்து அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நாங்களும் ஆரம்பித்தோம் ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன்பு, பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை கணித வகுப்பு. பதினாலு பிள்ளைகள். ஆறு வாரம் நன்றாக நடந்தது. ஏழாவது வாரம் எங்களுக்கு செமஸ்டர் தேர்வு. தேர்வு முடிந்ததும் விடுமுறை, அப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம். எட்டு மாதம் கழித்துத் தீபாவளிக்குப் பலகாரப் பொட்டலத்தோடு போனோம். நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "அண்ணா, இன்னைக்கும் படம் எடுத்துட்டுப் போயிடுவீங்களா?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். வகுப்பு நடந்த ஆறு வாரமும் நாங்கள் படம் எடுத்தது உண்மை. 17-ஆம் அத்தியாயத்தை எனக்கு விளக்கியது அவன்தான்.

அதனால் கிளைக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இது. வெளிநாட்டுப் பயணத்தை இந்த ஆண்டு தள்ளிவைப்போம். அங்கே உதவ விருப்பம் இருந்தால், உள்ளூர் ஆட்களே நடத்தும் திட்டம் ஒன்றைத் தேடி மாதம் பத்து வெள்ளி அனுப்பலாம். நம்மில் யாராவது உறவினர் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனால் நேரில் பார்த்து வரட்டும். பகாவ் வகுப்பை மறுபடி தொடங்குவோம். வாரத்துக்கு இரண்டு பேர் வீதம் எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமைதான். சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ், கோலப்பிலா வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எண்ணெய்க் காசைப் பங்கு போடலாம். தேர்வு மாதத்தில் யாருக்குப் பதில் யார் போவது என்பதை இப்பவே அட்டவணையில் எழுதிவிட வேண்டும். தோட்டத்திலேயே படிவம் ஐந்து முடித்த ஓர் அக்கா இருக்கிறார், ஒரு வருடத்தில் வகுப்புப் பொறுப்பை அவரே எடுத்துக்கொள்ளும்படி சேர்ந்து நடத்துவோம். கைப்பேசி மண்டபத்துக்கு வெளியே இருக்கட்டும்.

இதுவரை ஐந்து பெயர் வந்திருக்கிறது, இன்னும் மூன்று வேண்டும். வருகிறவர்கள் வாய்ப்பாட்டை ஒருமுறை புரட்டிக்கொண்டு வாருங்கள். நான் பொறியியல் படித்தும் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன், பிள்ளைங்க விடவே இல்லை.