சிக்கன விளையாட்டுக் கணினி: எதில் சிக்கனம் கூடாது?

கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டும் திருப்பரங்குன்றம் போன்ற மதுரைச் சமவெளி ஊர்களில் விளையாட்டுக் கணினி அமைப்போர், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி எல்லாப் பாகங்களுக்கும் பகிரும் பவர் சப்ளையில் சிக்கனம் பார்ப்பது தவறு. தரமற்ற ஒன்று பழுதானால் பிற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். திரைக்காட்சிகளைத் தீட்டும் கிராபிக்ஸ் கார்டை உடனே வாங்க இயலாதோர், அத்திறனைத் தன்னுள்ளேயே கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற செயலியுடன் தொடங்கலாம் எனினும், அது கணினியின் ரேம் நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால், 16 ஜிபி ரேம் ஒன்றைவிட 8 ஜிபி ரேம் இரண்டைப் பொருத்துவதே கூடுதல் வேகம் தரும். வண்ண விளக்குகள் வேகத்தைக் கூட்டுவதில்லை. பெட்டியின் முகப்பு கண்ணாடியாக இல்லாமல், காற்று புகும் வலையாகவும், தூசி வடிகட்டி கழற்றிக் கழுவத்தக்கதாகவும் இருத்தல் நன்று. கடைக்காரர் சொல்லும் விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்குமா என்பதை முன்பே கேட்டறிக.