அலுவலகப் பயிற்சிக்குத் திரைப்பதிவுப் பாடங்கள்

கணிப்பொறி இன்று வட்டாட்சியர் அலுவலகம் முதல் பள்ளிக்கூடம் வரை பரவியுள்ளது. அதனைக் கையாளும் பயிற்சியோ அவ்வளவு சீராகப் பரவவில்லை. வகுப்பில் ஒரு முறை கேட்டதை, தம் இருக்கைக்குத் திரும்பியதும் ஊழியர் மறந்துவிடுவது இயல்பு. அதையே மீண்டும் மீண்டும் பிறரிடம் கேட்கக் கூசுவதும் இயல்பு. இக்குறையைப் போக்கவல்லது திரைப்பதிவுப் பாடம். கணிப்பொறித் திரையில் நிகழ்வனவற்றை அப்படியே பதிவு செய்து, ஒவ்வொரு செயலுக்கும் உரிய விளக்கத்தைப் பேச்சாகச் சேர்ப்பதே இம்முறை. இதற்குப் படப்பிடிப்புக் கூடம் தேவையில்லை. ஒரு கணிப்பொறி, ஓர் ஒலிவாங்கி, ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்றதோர் இலவச மென்பொருள் ஆகியவை போதும்.

மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில் உருவான ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 2009 பிப்ரவரியில் திருப்பதியில் தொடங்கப்பட்ட தேசியக் கல்வி இயக்கம் இதற்கு நிதியுதவி அளித்தது. இதன் பாடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடங்களே நீடிக்கும். ஆசிரியரின் துணையின்றித் தாமே கற்பவருக்காக அது அமைக்கப்படுகிறது. கற்பவர் திரையின் ஒரு பகுதியில் பாடத்தையும் மறு பகுதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, காண்பதை உடனுக்குடன் தாமும் செய்து பார்க்கிறார்.

மொழியைப் பற்றியும் இத்திட்டம் ஒரு நல்ல வழியைக் காட்டியுள்ளது. பேச்சு மட்டும் பல இந்திய மொழிகளில் மாற்றப்படுகிறது. திரையிலுள்ள ஆங்கிலம் மாற்றப்படுவதில்லை. படைத்துறையினரின் குடியிருப்பாக வளர்ந்த ஐதராபாத்தின் சைனிக்புரி போன்ற பகுதிகளில் பல மாநிலத்தவர் அருகருகே வாழ்கின்றனர். அத்தகைய இடத்திலுள்ள ஓர் அலுவலகத்தில், ஒரே பதிவைத் தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் பேசிப் பயன்படுத்த இயலும். எனினும், பொத்தான்களின் பெயரை மொழிபெயர்க்காமல், திரையில் உள்ளவாறே உச்சரித்துப் பின்னர் அதன் பொருளை விளக்க வேண்டும்.

பாடம் தயாரிப்போர் முதலில் எழுத்துப்படி ஒன்றை அமைத்துக்கொள்வது நலம். தாளை இரு பத்திகளாகப் பிரித்து, இடப்புறம் திரையில் நிகழ வேண்டியதையும் வலப்புறம் பேச வேண்டியதையும் எழுதுக. ஒரு பாடத்தில் ஒரு செயலை மட்டுமே கற்பிக்க வேண்டும். இணையவழி வகுப்புகளில் 69 லட்சம் முறை படங்கள் பார்க்கப்பட்ட விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, 6 நிமிடங்களுக்கு உட்பட்ட படங்களையே மாணவர் பெரிதும் ஊன்றிப் பார்த்தனர் எனக் காட்டியது.

எழுத்துப்படியின் அவசியத்தை ஓர் உதாரணத்தால் உணரலாம். ஓய்வூதியம் பெறுவோரின் பெயர்களும் தொகைகளும் அடங்கிய பட்டியலை, லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளில் அகர வரிசைப்படுத்த வேண்டும் எனக் கொள்வோம். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், அருகிலுள்ள பத்திகளையும் சேர்க்கலாமா என்று மென்பொருள் வினவும். பழகியவர் ‘எக்ஸ்டெண்ட் செலக்‌ஷன்’ என்பதை நொடியில் அழுத்திவிட்டு, அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் மேலே செல்வார். அப்பாடத்தைக் கண்ட புதியவர் ‘கரண்ட் செலக்‌ஷன்’ என்பதை அழுத்தினால், பெயர்கள் மட்டும் இடம் மாறும். தொகைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவருக்குரிய தொகை மற்றொருவர் பெயருக்கு நேரே அமைந்துவிடும். பட்டியலோ பார்வைக்கு ஒழுங்காகவே தோன்றும். ஆகவே, பழக்கத்தால் நாம் எண்ணாமல் செய்யும் செயல்களையே பாடத்தில் நின்று நிதானித்து விளக்க வேண்டும்.

இத்தகைய விடுபாடுகளைத் தயாரித்தவரே கண்டறிதல் அரிது. எனவே, அம்மென்பொருளை அறியாத ஒருவரிடம் எழுத்துப்படியைக் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்ல வேண்டும். ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திலும் புதியவரைக் கொண்டு சரிபார்க்கும் இம்முறை உண்டு. அவர் தயங்கும் இடத்தில் குறுக்கிட்டு உதவாமல், அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு எழுத்துப்படியைத் திருத்துக. அதன் பின்னரே பதிவைத் தொடங்க வேண்டும்.

பதிவின்போது மின்விசிறியின் ஓசையைத் தவிர்த்தல், எழுத்துகளைப் பெரிதாக்குதல், சுட்டியை மெல்ல நகர்த்துதல் ஆகியவை நினைவிற்கொள்ளத் தக்கவை. மெய்யான அலுவலகப் பட்டியல்களைப் பாடத்தில் காட்டுதல் கூடாது. ஒருவரின் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ ஒரு கணம் திரையில் தோன்றினும், அப்படத்தைப் பெறும் அனைவரும் அதைப் படிக்க முடியும். ஆதலால் கற்பனைப் பெயர்களும் எண்களும் கொண்ட பயிற்சிப் பட்டியல் ஒன்றை முன்னரே ஆயத்தம் செய்துகொள்க.

மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவருங்கால் பொத்தான்கள் இடம் மாறக்கூடும். பாடங்கள் குறுகியனவாக இருப்பின், மாறிய ஒன்றை மட்டும் புதிதாகப் பதிவு செய்தால் போதும். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் பதிப்பின் எண்ணையும் பதிவு செய்த தேதியையும் தெரிவித்தல் பின்வருவோருக்குப் பேருதவியாகும்.